நாலாவது தூண்

"மாமு, பிரஷ்ஷைக் கீழ போடுங்க!"

ஆரிபா உதறிய செருப்பில் ஒன்று படியில் உருண்டது. தர்கா மண்டபத்துக்குள் ஓடி, சிஹாபுதீனின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பச்சை எனாமல் பெயிண்ட், கல்தூணுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. ஒரு சொட்டு அவள் துப்பட்டாவில் விழுந்தது.

"என்ன புள்ள, போலீஸ் மாதிரி பாயுற? நாளைக்குக் கந்தூரி விழா. பதினோரு தூண் கெடக்கு."

"அடிச்சா கல்லு செத்துரும்."

"கல்லு என்னைக்கு உசிரோட இருந்துச்சு?"

கோயில், பள்ளிவாசல் என்று பழைய கட்டடங்களின் கற்களைப் பராமரிக்கிற வேலை ஆரிபாவுக்கு. சேதி கேட்டுக் கோச்சடையிலிருந்து ஸ்கூட்டியில் பறந்து வந்திருந்தாள். வேலையில் அவளுக்கு இரண்டு வருடப் பழக்கம். இந்தத் தர்காவுக்கு வெள்ளையடிப்பதில் சிஹாபுதீனுக்கு முப்பது வருடம். யார் சொல்லி யார் கேட்பது?

"இங்க வந்து துஆ கேக்குறது நாங்க. எங்களுக்குப் பச்சை புடிச்சிருக்கு. அந்தா, நாலாவது தூணைப் பாரு. ஏழு வருசம் முன்னாடி எவனோ ஒருத்தன், நேர்ச்சைன்னு பேர் போடாம சீட்டு எழுதி, பெயிண்டு டப்பாவை வாசல்ல வச்சிட்டுப் போனான். நான்தான் அடிச்சேன். எம்புட்டு ஜொலிப்பு! அதைப் பாத்துத்தான் எல்லாத் தூணுக்கும் கேக்குறாங்க."

ஆரிபா நாலாவது தூணிடம் போனாள். அதன் அடியில் பெயிண்ட் கொப்புளம் மாதிரி உப்பியிருந்தது.

"கையை நீட்டுங்க."

விரலால் லேசாகத் தொட்டாள். கொப்புளம் உடைந்து அவர் உள்ளங்கையில் சரசரவென்று கொட்டியது. மணல். கல்லாக இருந்த மணல்.

அவர் சிரிப்பு நின்றது.

"ஈரம் தரையிலேருந்து ஏறும் மாமு. சுண்ணாம்புன்னா வெளிய விட்டுரும். இது அடைச்சிருச்சு."

முப்பது வருடம் சுவரைத் தடவிய கை அது. மேற்கொண்டு விளக்கம் கேட்கவில்லை. டப்பாவை இறுக்கி மூடினார்.

"சுண்ணாம்பு ஊறிக்கிட்டுக் கெடக்கு, மத்ததுக்கு அதையே அடிக்கிறேன். கமிட்டிக்காரங்ககிட்ட இந்த மண்ணைக் காட்டினாப் போதும். இந்தப் பச்சையை இப்பவே சுரண்டிரவா?"

"வேணாம், கல்லும் சேந்து வந்துரும். கந்தூரி முடியட்டும். எல்லாரையும் கேட்டுக்கிட்டு, பொறுமையா எடுப்போம்."

மணலைக் கீழே போட அவருக்கு மனசு வரவில்லை.

"என் கையாலதானே அடிச்சேன்... அந்தப் பய நேர்ச்சை என்னாச்சோ, பாவம்."

ஆரிபா தூணடியில் உட்கார்ந்தாள். துப்பட்டாவில் பச்சைச் சொட்டு காயத் தொடங்கியிருந்தது.

"நெறவேறிருச்சு மாமு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பிளஸ் டூவுல கெமிஸ்ட்ரி பாஸாயிட்டேன்ல."