பதினோராம் நம்பர் பில்லை

கடலில் இறங்கிய பதினெட்டுப் பேரும் கரையேறிய பிறகும் கடலில் ஒருவர் மிச்சம் இருந்தார். பெங்களூர் பீன்யாவில் ஒரு லேத் பட்டறையின் சூப்பர்வைசரான தியோடருக்கு ஆணிப் பலகையைப் பார்த்ததும் அது தெரிந்துவிட்டது. அவருடைய அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. அங்கே கீழே இறங்குகிறவர் தன் நம்பர் போட்ட பித்தளைப் பில்லையைப் பலகை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போவார். மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்டுவார். ஓர் ஆணி காலியாக இருந்தால் கீழே ஓர் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். பட்டறை ஆட்களைக் குடும்பத்தோடு மங்களூருக்கு வடக்கே ஒரு சின்னக் கடற்கரைக் கிராமத்துக்கு அழைத்துப் போனபோது, தியோடர் பதினெட்டுப் பில்லைகள் வெட்டிக் கயிறு கோத்து, அதே மாதிரி ஒரு பலகையைக் கடலோரப் பூங்காவின் ஊஞ்சல் கம்பத்தில் கட்டியிருந்தார். சாயங்காலம் பதினோராம் ஆணி காலி. பதினொன்று அவர் மனைவி மலருடையது.

"நான் இங்கதானங்க நிக்கிறேன்? கழுத்துல கெடந்தத அலை அடிச்சிட்டுப் போயிருக்கும்" என்றாள் மலர், தலையைத் துவட்டியபடி.

"ஆள எண்ணியாச்சு, பதினெட்டும் கரெக்ட். பித்தளைக்கா பயப்படறீங்க? நடீரி சார், கெளம்பலாம்" என்றான் வெல்டர் கிரண். எல்லாரும் சிரித்தார்கள். வேன்காரர் ஹாரன் அடித்தார். தியோடர் வெட்கப்பட்டு, பலகையை அவிழ்த்துக்கொண்டு ஏறினார்.

மறுநாள் பீன்யா வீட்டில் மலரின் புடவைக் கரை நனைந்திருந்தது. வேறு புடவை உடுத்தினாள், அதுவும் நனைந்தது. உப்புத் தண்ணீர். ஈரம் வாரத்துக்கு ஒரு சாண் ஏறியது. முழங்காலுக்கு வந்தபோது டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். இடுப்புக்கு வந்தபோது பாதர் ஜெபித்தார். மலர் ஈரத்தோடே சமைத்தாள், ஈரத்தோடே பூசைக்குப் போனாள். தியோடர் அந்த ஈரக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு மார்பைத் தாண்டிய வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது மலர் இருமினாள். தட்டில் மணல் விழுந்தது.

"கடல்ல நிக்கிறவளுக்குக் கழுத்தளவு வந்திருக்கும், இல்லங்க?" என்றாள்.

பலகையோடு இருவரும் பஸ் ஏறினார்கள். ஊஞ்சல் கம்பத்தில் அதைக் கட்டி, மலரை சிமெண்டு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, தியோடர் காலையிலிருந்து தண்ணீர் ஓரத்தில் நின்றார். மதியம் ஈரம் மலரின் தாடையைத் தொட்டது. அவள் வாயை இறுக்கி மூடி, மூக்கால் மூச்சு விட்டாள். "பதினொன்னு! மேல வா!" என்று அவர் கத்தினார். தொண்டை கட்டியும் நிறுத்தவில்லை.

நாலு மணிக்குக் கடலிலிருந்து மலர் நடந்து வந்தாள். சுற்றுலா அன்றைக்குக் கட்டிய அதே புடவை. விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"ஆணி காலியா இருக்கறப்பவே வண்டி ஏறிட்டீங்க, இல்ல?"

அவள் பில்லையை மாட்டினாள். பெஞ்சில் இருந்த மலரின் புடவை காய்ந்தது. அவள் நகர்ந்து இடம் விட்டு, துண்டை நீட்டினாள்.

பலகை நிறைந்துவிட்டதால் தியோடர் கிளம்பச் சொன்னார். கண்டக்டரிடம் பெங்களூருக்கு மூன்று டிக்கெட் வாங்கினார். ஜன்னலோரம் யாருக்கு என்பதில் மட்டும் கொஞ்சம் வாக்குவாதம் இருந்தது.