பென்சிலில் எழுதிய மதம்

“தையல்காரம்மா என்ன மதம்னு உனக்குத் தெரியுமா?” என்று நகரசபைக் குமாஸ்தா ஒருநாள் என்னிடம் கேட்டார்.

இதெல்லாம் ஒரு கேள்வியா என்றுதான் நினைத்தேன். நகரசபைக்கு எதிரே, அக்காவைக் கட்டிய அத்தானின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து ஐந்து வருடமாக எல்லாருக்கும் விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன். ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரலே வராது. கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும். யார் எந்த மதம், யாருக்கு எத்தனை பிள்ளை, எல்லாம் எனக்கு அத்துப்படி.

“முஸ்லிம்” என்றேன்.

“அப்ப எழுதிடு.”

அவர் நீட்டியது நகரசபை வணிகக் கட்டடத்தின் வாடகைதாரர் பட்டியல். நாற்பத்திரண்டு கடைகள். கடைசியில் ‘குறிப்பு’ என்றொரு கட்டம், எப்போதும் காலியாகக் கிடப்பது.

“அதுல ஓரெழுத்துப் போட்டா போதும். இந்துன்னா இ, முஸ்லிம்னா மு, கிறிஸ்தவங்கன்னா கி. சும்மா புள்ளிவிவரத்துக்கு. பென்சில்லயே எழுதும்மா.”

எங்கள் கடையில் எதையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவோம். சரிபார்த்து, அதன்மேல் பேனாவால் எழுதி, பிறகு ரப்பரால் அழிப்போம். அதனால் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. எழுதி முடித்ததும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டார். “இப்ப அசல்ல அழிச்சிடு” என்றார். பேனா வைக்காமலே அழிக்கச் சொல்கிறாரே என்று அப்போதுதான் லேசாக உறுத்தியது. ஆனாலும் அழித்து, தூளை ஊதிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து அறிவிப்பு ஒட்டினார்கள். பதினோரு கடைகளுக்குக் குத்தகை புதுப்பிப்பு இல்லை. பதினொன்றும் நான் ‘மு’வோ ‘கி’யோ போட்டவை. பதினாறு வருடமாக இரண்டு மெஷின் ஓடிக்கொண்டிருந்த தையல்காரம்மாவின் கடையும் அதில் இருந்தது.

அவருக்கு அடுத்த கடைக்காரர் பூட்டு ரிப்பேர் செய்பவர், இந்து. அவரிடம் இந்து நாடு கேட்கும் அமைப்பிலிருந்து இரண்டு பேர் வந்து, “பக்கத்துக் கடைக்கும் நீங்களே மனு போடுங்க. நாடு நம்மளது, கட்டடம் மட்டும் எல்லாருக்கும் பொதுவா?” என்று ஒரு தாளைக் காட்டினார்களாம். “படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்” என்று வாங்கியவர், அதை நேரே தையல்காரம்மா கையில் கொடுத்துவிட்டார். தையல்காரம்மா அதை எங்கள் மேஜைமேல் விரித்தார். பென்சில் எழுத்துகளோடு குமாஸ்தா எடுத்துப்போன அதே பிரதி.

“இது உன் கையெழுத்துதானே?”

அவர் சொல்லச் சொல்ல எத்தனை பேர் அளவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். தெரியாமல் இருக்குமா?

அத்தான் முந்திக்கொண்டார். “அவளே ஒரு ஊமைக்கோட்டான். அவளைப் போயி இழுக்குறீங்களே!”

“உங்ககிட்ட கேக்கல தம்பி. எழுதினவகிட்ட கேக்குறேன்.”

கூடவே வந்திருந்த பூட்டுக்காரர் வாசலில் நின்று சிரித்தார். “எனக்கு இ, உங்களுக்கு மு. ரெண்டு பேரும் ஒரே கக்கூஸ் சாவியைத்தான் மாத்தி மாத்தி வாங்குறோம். அதுக்கு என்ன எழுத்துன்னு போடல பாருங்க!”

தையல்காரம்மா சிரிக்கவில்லை. “மதம் பாத்துத்தான் எடுத்தாங்கன்னு நிரூபிச்சாத்தான் என் கடை நிக்கும். ஆணையர்கிட்ட வந்து சொல்லுவியா?”

தலையாட்டினேன்.

அன்று முழுக்க எல்லார்மேலும் சந்தேகம். போன வாரம்தான் நகரசபையின் ஜெராக்ஸ் வேலை மொத்தமும் அத்தானுக்குக் கிடைத்திருந்தது. எதற்காக? “உனக்கு எதுக்குடி இந்த வம்பு?” என்று அக்கா ஏன் நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே கேட்டாள்? தையல்காரம்மா என்மேல் வைத்த சந்தேகம் ஒன்றுதான் நியாயமாகப் பட்டது.

மறுநாள் காலை அவரோடு ஆணையர் அறைக்குப் போனேன். அத்தானும் பின்னாலேயே வந்தார். குமாஸ்தா ஏற்கெனவே கோப்போடு அங்கே நின்றிருந்தார். நாங்கள் வருவதை அவருக்கு யார் சொன்னது?

தையல்காரம்மா பிரதியை மேஜைமேல் வைத்ததும், ஆணையர் அசல் பட்டியலைப் பிரித்துக் காட்டினார். “அரசாங்கத்துக்கு மதம் கிடையாதும்மா. பாருங்க, குறிப்புக் கட்டம் காலி. வெளியில எவனோ கிறுக்கின தாளுக்கு நான் எப்படிப் பொறுப்பு?”

“எழுதினது இவதான் சார். சொல்லும்மா.”

அத்தான் தொண்டையைச் செருமினார். அந்தச் சத்தம்தான் என்னைப் பேசவைத்தது.

“நான்தான் எழுதினேன். எழுதச் சொன்னது குமாஸ்தா சார். அழிக்கச் சொன்னதும் அவர்தான். நான் பென்சிலை அழுத்தி எழுதுவேன் சார், அழிச்சாலும் தடம் போகாது. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க.”

ஒரே மூச்சில் இவ்வளவு நான் பேசியதே இல்லை.

ஆணையர் தாளை ஜன்னல் பக்கம் சாய்த்தார். நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது, வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். அவருடைய கண் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக இறங்கியது. காலிக் கட்டத்தை யார் வரி வரியாகப் படிப்பார்கள்?

“ஒண்ணும் தெரியலையே” என்றார்.

“எங்கிட்ட குடுங்க, நான் பாக்குறேன்.” தையல்காரம்மா கை நீட்டினார்.

“அரசாங்க ஆவணம்மா. வெளியாள் கையில தரக்கூடாது.” தாளைக் கோப்புக்குள் வைத்து, நாடாவை இறுக்கிக் கட்டி, குமாஸ்தாவிடம் நீட்டினார். “பத்திரமா வைங்க.”

தையல்காரம்மாவின் கை மேஜைக்கு மேலேயே நின்றது. குமாஸ்தா கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.