ஃபர்ஸ்ட் செலக்‌ஷன்

கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, பாடம் பண்ணி வைத்திருந்த கூழைக்கடாவின் அடிவயிற்றைச் சம்பந்தம் துருவித் துருவிப் பார்த்தார். பிறகு சக்கர நாற்காலியை முதுகுப் பக்கம் சுற்றித் தள்ளச் சொன்னார். மகள் நந்தினி தள்ளினாள். காட்சிக்கூடத்துக்கு வந்தவர்களெல்லாம் அலகையும் இறகையும் பார்க்க, இந்த மனுஷன் ஒருவர்தான் எங்கே அறுத்திருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தார்.

ஆம்பூர் டேனரியில் முப்பது வருஷம் செலக்டர். தோலைத் தடவிப் பார்த்து ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று தரம் பிரிக்கிற வேலை. அவர் வாயால் ஃபர்ஸ்ட் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. நந்தினியின் கல்யாணச் சாப்பாட்டுக்கே செகண்ட்தான் போட்டார்.

“கத்தி பட்டதே தெர்லம்மா. ஃபர்ஸ்ட் செலக்‌ஷன்.”

நந்தினிக்கு மனம் துள்ளியது. புற்றுநோய் ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, எங்கேயும் அலைக்கழிக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வழியில் ஏதாவது ஆனால் நீதான் பதில் சொல்ல வேண்டும் என்று அண்ணன் ஜெயப்பிரகாஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்பாவோ, உயிரோடு ஒரு கூழைக்கடாவைப் பார்த்தே தீருவேன் என்று மூன்று மாதமாக ஒற்றைக்காலில் நின்றார். வருவது வரட்டும் என்று இன்று காலையில் அவரைக் காரில் ஏற்றிவிட்டாள்.

காட்சிக்கூடத்துக்கு வெளியே, வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பறவைச் சரணாலயமாக இருக்கிற ஏரி. கரைக்கு வந்ததும் இரைச்சல் காதை அடைத்தது. மரங்களில் இலை தெரியாத அளவுக்கு நாரைகள். ஒரு கூழைக்கடா தலைக்கு மேலே தாழப் பறந்துபோய்த் தண்ணீரில் இறங்கியது. சம்பந்தம் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார்.

“ஃபர்ஸ்ட்டு,” என்றார். அடுத்து வந்ததும் ஃபர்ஸ்ட். அதற்கடுத்ததும். விரலை நீட்டி நீட்டிச் சொன்னார். நந்தினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இன்னா நைனா, ஒன்னுகூட கழிக்க மாட்டியா?”

“கழிக்க இன்னா இருக்குது? இன்னும் மனுசன் கை வெக்கல இல்ல.”

இன்னொன்று இறங்கியது. அவர் சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. குனிந்து பார்த்தாள். கண் திறந்தபடி தண்ணீரைப் பார்த்திருந்தது. கையைத் தொட்டாள், மூக்கருகே விரல் வைத்தாள். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“அண்ணா, நைனா போய்ட்டாரு.”

திட்டட்டும் என்று நின்றாள்.

“பாத்தாரா?” என்றான் ஜெயப்பிரகாஷ்.

“பாத்தாரு.”

பறவை இரைச்சல் கேட்கட்டும் என்று போனை ஏரியின் பக்கமாக நீட்டிப் பிடித்தாள். கை வலிக்கும்வரை பிடித்திருந்தாள். ஜெயப்பிரகாஷ் போனை வைக்கவில்லை.