ஈயம் போன அண்டா

"ஏ அங்கம்மா, மீன் நாறிப்போச்சுன்னு சொல்லிரு. வேலையை விட்டு எடுக்க மாட்டேன்" என்றார் முத்துராமலிங்கம். அங்கம்மாளுக்குக் கண் மண் தெரியாத கோபம் வந்தது. கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் அவர் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் அன்று காலை கப்பைக்கிழங்கும் மீன்கறியும் தின்ற, மூட்டை தூக்கும் ஏழு சுமட்டுக்காரர்கள் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதில் ஒருவன் அவள் புருஷன் சுப்புராஜ்.

ஆறு வருஷமாக அந்த அடுப்படி அவளுடையது. தென்காசியிலிருந்து வந்த புதிதில் குடம்புளியின் கரி நிறமும் புகை வாடையும் அவளுக்குக் குமட்டின. அதைக் கழுவி, ஊறவைத்து, மத்தி மீனோடு மண்சட்டியில் கொதிக்கவிடப் பழகிய பிறகு ஊர்ப்புளியைத் தொடுவதில்லை. வயிறு உப்பாது, தின்றது செரிக்கும், மறுநாள் வரை கறியும் கெடாது. முதல் நாள் வைத்த கறிக்காகவே காலையில் ஆட்கள் வரிசை கட்டுவார்கள்.

நேற்று பெரிய சட்டி விரிசல் விட்டது. புதுசு வாங்கச் சொன்னாள். முதலாளி மகராசன் பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கினார். உள்ளே பூசிய ஈயம் எப்போதோ தேய்ந்திருந்தது.

"ஈயம் பூசாம இதுல புளி ஊத்தக் கூடாது மொதலாளி. களிம்பு ஏறி வெஷமாயிரும்."

"ஊர்ல கல்யாணத்துக்கு இதுலதான் சாம்பாரே வச்சோம்."

அப்போது அதில் ஈயம் இருந்தது என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. அவள் நாலு சின்னச் சட்டிகளில் கறியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். காலையில் ஒரே அடுப்பில் சூடாக்கினால் விறகு மிச்சம் என்று, அவள் போனதும் மூன்று சட்டிக் கறியை அண்டாவில் கவிழ்த்து மூடியிருக்கிறார். நாலாவதற்கு இடமில்லை. காலையில் அவள் வருவதற்குள் பரிமாறியும் ஆயிற்று.

இப்போது வாசலில் கூட்டம் கூடியிருந்தது. "மீன் சீத்தையாயிருந்நோ சேச்சி? கெட்டுப் போயோ?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆமாம்னு சொல்லு" என்று முத்துராமலிங்கம் பல்லைக் கடித்தார்.

சொந்தப் புருஷனுக்கே நாறின மீனைப் போட்டவள் என்று பேர் வாங்க வேண்டுமாம்! அங்கம்மாள் உள்ளே போய் அந்த நாலாவது சட்டியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தாள். எல்லோரும் பார்க்க இரண்டு துண்டை எடுத்து முள்ளை நீக்கித் தின்றாள்.

"அதே மீனு, அதே குடம்புளி. என் கறிக்கு நான் சாட்சி."

பிறகு அண்டாவிலிருந்து ஒரு கரண்டி அள்ளித் தட்டில் ஊற்றி அவர் முன்னால் தள்ளினாள்.

"பித்தளையில ஒண்ணுமில்லைன்னா தின்னுங்க மொதலாளி."

முத்துராமலிங்கம் தட்டைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். கை மட்டும் நீளவில்லை.