கணவாய் அரக்கனின் தலை

அக்கிஷினோ கோட்டைக்குள் எந்தத் தலை வந்தாலும் அது முதலில் கினுவின் கைக்குத்தான் வர வேண்டும். சண்டையில் வெட்டிய தலையைச் சகதியும் ரத்தமுமாகப் பிரபுவின் முன்னால் வைப்பது மரியாதை இல்லை. வெட்டியவனுக்கும் இல்லை, வெட்டுப்பட்டவனுக்கும் இல்லை. கழுவி, சீவி, குடுமி முடிந்து, லேசாகப் பொடி பூசி, பலகையில் நிறுத்தி, வெள்ளைத் துணி போர்த்தித்தான் மேலே அனுப்ப வேண்டும். அது கோட்டைப் பெண்களின் வேலை. வடக்குச் சுவரோரம் அவர்களுக்கு ஒரு கொட்டகையும் கிணறும் இருந்தன. புதிதாக வருகிற பெண்ணுக்கு முதலில் சோறு இறங்காது. கொஞ்ச நாள் போனால் தலைகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து முள்ளங்கி ஊறுகாய் கடிப்பாள்.

அந்தக் காலத்தில் பெரிய வீட்டு ஆண்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வார்கள். கறுப்புப் பல் தலைக்குப் பரிசும் பெரிது. அதனால் சாமுராய்கள் கொட்டகை வாசலில் வந்து குழைவார்கள், தாங்கள் வெட்டி வந்த தலையின் பல்லுக்கு மட்டும் கொஞ்சம் கறுப்பு தீட்டச் சொல்லி. கினு துரத்திவிடுவாள். ஒரே ஒரு முறை இணங்கினாள், தம்பி ஷுமேவுக்காக. ஈட்டி தூக்கிய ஏதோ ஒரு கூலிச் சிப்பாயின் பல்லில் மையைத் தீட்டி அவனைப் பிரபு வீட்டுப் பிள்ளையாக்கினாள். ஷுமேவுக்குக் குதிரை கிடைத்தது. தாயில்லாப் பிள்ளை, தான் முதுகில் சுமந்து வளர்த்தவன், ஒரு குதிரை ஏறித்தான் போகட்டுமே என்று நினைத்தாள்.

இப்போது அதே ஷுமே அரக்கனின் தலையோடு வந்திருந்தான்.

ஹிசாமே கணவாயில் அரக்கன் வந்து உட்கார்ந்ததிலிருந்து கோட்டைக்கு உப்பு வரவில்லை. சுமைகாரர்கள் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்; சிலர் வரவேயில்லை. அரக்கன் தலையைக் கொண்டு வருகிறவனுக்குக் கணவாய்க்குக் கீழே இருக்கிற பள்ளத்தாக்கு முழுவதும் என்று பிரபு அறிவித்தார். இரண்டு பேர் புறப்பட்டார்கள். ஒருவன் ஷுமே. இன்னொருவன் கினுவின் கணவன் இயோரி.

புறப்பட்ட காலையில் கினுதான் இயோரியின் குடுமியை முடிந்தாள்.

"செத்தவன் தலை கட்டுற கையி. பாத்துக் கட்டு தாயே" என்று அவன் சிரித்தான்.

"செத்தவனுக்கு வெள்ளைக் காகிதக் கயிறு. உங்களுக்கு என் கை நூலு. வாயை மூடிக்கிட்டு ஆடாம உக்காருங்க." தன் சட்டைக்கையின் ஓரத்திலிருந்து நீல நூலை உருவி, மயிரின் அடியில் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, "மச்சானை விட்டுப் பிரியாதே" என்றாள். "உசுரைக் கொடுத்தாவது பாத்துக்கறேன் அக்கா" என்றான் ஷுமே.

திரும்பி வந்தது ஷுமே மட்டும்தான். சங்கு ஊதினார்கள். ஜனங்கள் அவன் கையிலிருந்த மூட்டையின் மேல், பேய் விரட்டுகிற வழக்கப்படி, வறுத்த சோயாவை வீசி, "அரக்கன் வெளியே! அதிர்ஷ்டம் உள்ளே!" என்று கத்தினார்கள். அவன் நேராகக் கொட்டகைக்கு வந்து அக்காவின் காலடியில் விழுந்தான்.

"மச்சானைத் தின்னுடுச்சு அக்கா. எலும்புகூட மிச்சம் வைக்கல."

கினுவுக்கு அழுகை வரவில்லை. எரிக்கவும் புதைக்கவும் ஒன்றுமில்லை என்பதுதான் முதலில் உறைத்தது. ஊர் பேர் தெரியாத எத்தனையோ தலைகளை மரியாதையோடு வழியனுப்பியவள் அவள். சொந்தப் புருஷனுக்கு ஒரு கை தண்ணீர் ஊற்றக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

ஷுமே மூட்டையை நீட்டினான். "உன் பலகையில வராத தலையைக் காவல்காரன் மேல விடமாட்டேங்கறான். துணியைப் போர்த்தி அப்படியே வச்சிரு. தண்ணி மட்டும் படக் கூடாது. பட்டா சாபம் எழும்பிடும். பிரபு பாத்ததும் வாசல் மேல ஆணி அடிச்சு மாட்டிடுவாங்க. காக்கா கொத்தட்டும்."

அவன் போனதும், கூட வேலை செய்கிற தோயோ மூட்டையை எட்டிப் பார்த்தாள். வாயை அடக்கத் தெரியாதவள். "அருவிக்குப் பக்கத்துலதானேடி அது குடித்தனம் பண்ணிச்சு? தண்ணிக்கு ஆகாதுன்னா எப்படி? குளிக்காமலே இருந்திருக்குமோ?" என்று கேட்டவள், கினுவின் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கினு துணியை விலக்கினாள். ரத்தச் சிவப்பு முகம். நெற்றியில் இரண்டு கொம்பு. வாயின் இரு ஓரத்திலும் பன்றித் தந்தம் போல் பல். சிவந்த மயிர் விரிந்து கிடந்தது. என் புருஷனைத் தின்ற வாய் இதுதானா என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. சாபமாவது மண்ணாவது என்று மயிரைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள்.

உச்சியில் விரல் எதிலோ தடுக்கியது. சின்ன, இறுகிய முடிச்சு.

சிவப்பை நகத்தால் சுரண்டினாள். அடியில் நீலம் தெரிந்தது.

கினு எழுந்துபோய்க் கிணற்றில் தண்ணீர் இறைத்தாள். அந்தக் கைக்கு இது பழகின வேலை. ஊற்ற ஊற்றச் சிவப்புக் காவி வழிந்து ஓடியது. கொம்புகள் அரக்கு போட்டு ஒட்டிய கன்றுக்குட்டிக் கொம்புகள், கையோடு வந்துவிட்டன. தந்தங்களும் வந்தன. இயோரி அரைக்கண் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அழுகை வந்தது. அவன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் சட்டைக்கையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். வெட்டு பின்கழுத்திலிருந்து முன்பக்கம் வந்திருந்தது. ஒரே வெட்டு. அரக்கனுக்கு வாள் எதற்கு?

தலை ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்க வந்த ஷுமே வாசலிலேயே நின்றுவிட்டான்.

"தண்ணி படக் கூடாதுன்னு சொன்னேனே" என்றான், சின்ன வயதில் கோப்பையை உடைத்துவிட்டு நிற்கிற அதே குரலில்.

"அரக்கன்னு ஒண்ணு நெசமா இருக்கா?"

"இருக்கு அக்கா. கழுத்து தேவதாரு மரம் மாதிரி. என் வாள் அதோட தோள்ல பட்டு வளைஞ்சு முறிஞ்சுபோச்சு. என்னை ஒத்தைக் கையால தூக்கிடுச்சு."

"அப்புறம் எப்படிப் பொழைச்சே?"

ஷுமே தரையைப் பார்த்தான். "மச்சான் வாளைக் கீழ வச்சுட்டாரு. 'அவன் என் பொண்டாட்டியோட தம்பி, அவனைத் தொடாதே'ன்னு அதுகிட்ட சத்தியம் வாங்கினாரு. தன் சோத்து உருண்டையைப் பிச்சுக் குடுத்தாரு. மடியில இருந்த உப்புக் கல்லையும் குடுத்தாரு. அது நக்கிப் பாத்துட்டு அழுதுச்சு அக்கா. அதோட ஊத்து மேல நிழல் குடுத்த மரத்தையெல்லாம் நம்ம ஆளுங்க வெட்டிட்டாங்களாம். மரத்தை விட்டா வழியை விடறேன்னுச்சு. பிரபுகிட்ட நான் பேசறேன்னு மச்சான் சொல்லி, குனிஞ்சு அதுக்குக் கும்பிடு போட்டாரு."

"அப்ப வெட்டினியா?"

"கழுத்து எனக்கு நேரா இருந்துச்சு அக்கா. அவர் வாளும் கீழயே கிடந்துச்சு. பிரபு கேட்டது சமாதானம் இல்ல, தலை. சமாதானத்துக்கு யாரு பள்ளத்தாக்கு குடுப்பா?"

வளர்த்த கடா மார்பில் பாய்வது என்பார்கள். கினுவுக்கு மார்பு வலிக்கக்கூட இல்லை. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாதது போல் இருந்தது.

"அரக்கன் சும்மாவா நின்னுச்சு?"

"சத்தியம் பண்ணிடுச்சே. பாத்துக்கிட்டே நின்னுச்சு." ஷுமே மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தான். "மறுபடியும் சாயத்தைப் பூசு அக்கா. தெரிஞ்சா என் வயித்தை நானே கிழிச்சுக்கணும். அன்னிக்கு அந்தச் சிப்பாய்க்குப் பண்ணினியே. பூசற சாயம்தான் தலைக்கு மதிப்புன்னு உன்கிட்டதானே நான் பாத்தேன்? இன்னொரு தடவை, அக்கா. பள்ளத்தாக்குல உனக்குத் தனி வீடு கட்டித் தரேன்."

அவள் அவன் பிடரியைப் பார்த்தாள். சின்ன வயதில் பேன் பார்த்த பிடரி.

"போயி முகத்தைக் கழுவிக்கிட்டு மேல போ. தலை வந்துடும்" என்றாள்.

அவன் நம்பிப் போனான். அக்கா எதையும் மறுத்ததில்லை என்பது அவன் அனுபவம்.

கினு கணவனின் தலையைச் சீவினாள். நீல நூலின் மேலேயே குடுமியை முடிந்தாள். பொடி பூசினாள். பல்லைக் கறுப்பாக்கவில்லை, இயோரி எப்படி இருந்தானோ அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள். துணியைப் போர்த்திப் பலகையைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அவன் தன் பெயரோடு மண்ணுக்குள் போக வேண்டும். அரக்கன் என்ற பெயரில் காக்கைக்குப் போகக் கூடாது.

பிரபு முக்காலியில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். பெரிய மனிதர்கள் எல்லோரும் வரிசையாக இருந்தார்கள். ஷுமே நெஞ்சை நிமிர்த்தி, "ஹிசாமே கணவாய் அரக்கனின் தலை!" என்றான். கினு துணியை எடுத்தாள்.

முகம் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது. அத்தனை பேரும் இயோரியோடு சாராயம் குடித்தவர்கள்.

"இது அரக்கன் இல்லைங்க பிரபு. என் வீட்டுக்காரர் இயோரி. வெட்டினது இவன், என் கூடப்பிறந்தவன். அரக்கன் உசுரோட இருக்கு. மரத்தை விட்டா வழியை விடறேன்னு சொல்லியிருக்கு."

பிரபு தலையைப் பார்த்தார். ஷுமேவைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, அரக்கன் ஒழிந்தான் என்று கூத்தாடுகிற ஜனங்களைப் பார்த்தார். பக்கத்துக் கோட்டைகளுக்கெல்லாம் ஏற்கெனவே ஆள் போய்விட்டது. வெட்டிய மரத்தில் புதுக் கோபுரம் பாதி எழும்பி நின்றது. விசிறியை மடக்கினார்.

"செத்ததும் அரக்கன் மனுஷ உருவம் எடுக்கும். ஊரறிஞ்ச விஷயம்தானே?"

"ஊரறிஞ்சதுதான் பிரபு" என்றார் மூத்த ஆலோசகர், இயோரிக்குப் பெண் பார்த்துக் கல்யாணம் முடித்து வைத்தவர்.

"சாயத்தைப் பூசுங்க. கொம்பை ஒட்டி வாசல்ல மாட்டுங்க. அரக்கன் செத்தாச்சு. இருக்குன்னு சொல்றவனுக்கு நாக்கு இருக்காது."

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று தின்றவனுக்குத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். இட்டவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கினு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒவ்வொன்றும் குனிந்துகொண்டது. தம்பி ஒருவன் காட்டிக்கொடுத்தான் என்று நினைத்து ஏறி வந்தவள், கோட்டையே காட்டிக்கொடுத்ததைப் பார்த்தாள். ஷுமே மட்டும் குனியவில்லை. அவனுக்கு மூச்சு திரும்பியிருந்தது.

அப்போது வாசல் பக்கம் பெரிய கூச்சல் எழுந்து சட்டென்று அடங்கியது. காவலன் ஒருவன் விழுந்தடித்து ஓடி வந்தான்.

"பிரபு! வாசல்ல அர..." அவனுக்குப் பின்னால் வந்தவன் அவன் காதில் ஏதோ சொன்னான். காவலன் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டான். "ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்லாததுக்கு ஏண்டா ஓடி வந்தே?"

"அந்த ஒண்ணுமில்லாதது வாசல்ல நிக்குதுங்க. சுவரை விட உசரமா."

கினு பலகையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. தடுப்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்ல நாக்கு வேண்டும்.

வாசல்காரன் கம்பெய் தாழ்ப்பாளோடு ஒட்டிக்கொண்டு நின்றான். "வெளிய போகாதம்மா, கினு. அங்க..."

"அங்க என்ன? அரக்கன் செத்துட்டான். பிரபு வாயால சொல்லிட்டாரு. கதவைத் திற கம்பெய் அண்ணே."

அவன் திறந்தான்.

ஜனங்கள் கைநிறைய சோயாவோடு சுவரோரம் ஒடுங்கியிருந்தார்கள். ஒருவரும் வீசவில்லை. நடு வீதியில் அரக்கன் நின்றது. அதன் தோளில் வளைந்த வாளின் துண்டு ஒன்று குத்தி நின்றது. கைகளில் தேவதாருத் தழை சுற்றிய ஓர் உடல். தழைக்கு நடுவே தெரிந்த சாம்பல் நிற மேலாடையைத் தைத்தவள் கினுதான். அரக்கன் மெதுவாக மண்டியிட்டு உடலைத் தரையில் கிடத்தியது.

"என் வீட்டுக்கு வந்தவன் இவன். பாதியை ஒருத்தன் எடுத்துக்கிட்டு ஓடிட்டான். முழுசா அனுப்பணும்னு கொண்டாந்தேன்" என்றது. மலைக்குள்ளிருந்து வருகிற குரல். "நீ யாரு?"

"இவரோட பொண்டாட்டி."

அது தலையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. "நல்லாப் பேசினான். உப்பு குடுத்தான். உன் தம்பியைத் தொடமாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினான். அதனாலதான் அன்னிக்கு சும்மா நின்னேன். நாங்க குடுத்த வாக்கை மீறறதில்ல." பெரிய தலை குனிந்தது. "அவன் உன் தம்பிதானே?"

"அக்கா!"

ஷுமே வாசலுக்கு உள்ளே நின்றான். வெறுங்கையோடு, வெளுத்த முகத்தோடு. "சொல்லு அக்கா! ஆமான்னு சொல்லு!"

கினுவுக்கு ஒரு சண்டைக்காலம் ஞாபகம் வந்தது. ஊரே எரிய, இவனை முதுகில் கட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டியபோது, இவன் அவள் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தான். மூச்சு முட்டியும் பிடியைத் தளர்த்தச் சொல்லவில்லை அவள்.

"எனக்குத் தம்பி கிடையாது" என்றாள்.

அரக்கன் எழுந்தது. வாசல் உயரம் போதாததால் தலையைக் குனிந்து உள்ளே போனது. எவனும் வாளை உருவவில்லை. செத்துப்போன அரக்கனை எப்படி வெட்டுவது?

கினு திரும்பிப் பார்க்கவில்லை. வீதியிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, இயோரியின் தலையை உடலோடு சேர்த்து வைத்தாள். இடுப்புப்பட்டையிலிருந்து ஊசியை எடுத்தாள். சட்டைக்கை ஓரத்தில் மிச்சமிருந்த நீல நூலை உருவிக் கோத்தாள். உள்ளே "அக்கா, அக்கா" என்ற குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றபோது அவள் பாதிக் கழுத்து தைத்து முடித்திருந்தாள்.