சின்ன சைஸ் உலக வரலாறு

எங்கள் முதலாளி மோகன்ராஜுக்குத் தெரிந்த உலக வரலாறு 1998இல் தொடங்குகிறது. அந்த வருடம்தான் அவர் பல்லடம் ரோட்டில் பனியன் கம்பெனி போட்டார். அதற்கு முன்னாலும் பூமியில் மனிதர்கள் இருந்தார்கள் என்பதைப் பெருந்தன்மையாக ஒப்புக்கொள்வார், அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்டவர் கையில் ஐயாயிரம் வருடம் வந்து மாட்டியது. வெளிநாட்டு மியூசியம் கடை ஒன்று குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்தது. முதுகில் மேலிருந்து கீழாக ஒன்பது படம். சுமேரியக் களிமண் பலகை, பிரமிடு, சிந்துவெளி முத்திரை என்று ஆரம்பித்து நீராவி இயந்திரம் வரை. சின்ன சைஸில் ஒன்பதும் அடங்கவில்லை. சுருக்கினால் படத்துக்குக் கீழே உள்ள ஆண்டு எழுத்துகள் மையில் அடைத்துக்கொண்டன. இரண்டைக் குறைத்து அனுப்புங்கள், பார்க்கிறோம் என்று அவர்களே மெயில் போட்டார்கள்.

"கொழந்தைகளுக்கு இத்தன வரலாறு எதுக்குங்க?" என்றார் மோகன்ராஜ், டிசைனர் நிதிஷின் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டு.

என்னையும் கூப்பிட்டிருந்தார். நான் வேல்விழி, மதுரைப் பக்கத்துக்காரி, வரலாற்றில் எம்.ஏ. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு மூன்று வருடமாகச் செக்கிங் டேபிளில் நின்று துணியில் ஓட்டை தேடுகிறேன். சாயங்காலம் வீங்கின கால் செருப்புக்குள் நுழையாது. குவாலிட்டி இன்சார்ஜ் வேலை காலியாக இருந்தது. அதற்கு நாற்காலி உண்டு. இந்த வாரம் ஆளைச் சொல்லிவிடுவார் என்று பேச்சு.

முதலில் கறுப்புச் சாவு போயிற்று. ஐரோப்பாவில் பாதியைக் காலி செய்த கொள்ளைநோய். வண்டி நிறையப் பிணம், பக்கத்தில் எலி.

"மொத பீஸுக்குக் குங்குமம் வெச்சுச் சாமி படத்துக்கு முன்னால வெக்கறோம். பொணத்தையா வெக்கறது?"

"எலி புள்ளையார் வாகனந்தானுங்களே," என்றான் நிதிஷ்.

"இது நோவு புடிச்ச எலி, கண்ணு."

நிதிஷ் டெலீட்டைத் தட்டினான். ஐரோப்பா பிழைத்தது.

அடுத்து அவர் பார்வை 1791இல் நின்றது. ஹைத்தி. கரும்புத் தோட்டத்து அடிமைகள் தீப்பந்தத்தோடு எழுந்து நிற்கிறார்கள். பிரான்சின் படையையே விரட்டித் தனி நாடு கண்டவர்கள். போன மாதம் எங்கள் டெய்லர்கள் போனஸ் கேட்டு அரை நாள் மெஷினை நிறுத்தியிருந்தார்கள். மோகன்ராஜ் படத்தையே பார்த்தார். இதைத் தூக்கு என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. அந்தத் தைரியமும் அவருக்குக் கிடையாது.

"நீங்க படிச்சவங்க அம்மிணி. இன்னொண்ணு எதுன்னு நீங்களே சொல்லுங்க. இன்சார்ஜா வர்றவங்க முடிவு எடுக்கோணுமில்லீங்க?"

பிரமிடைச் சொல்லியிருக்கலாம். நீராவி இயந்திரத்தைச் சொல்லியிருக்கலாம். எம்.ஏ. கடைசி வருடம் ஹைத்தியைப் பற்றித்தான் நாற்பது பக்கம் எழுதி வகுப்பில் முதலாக வந்தேன். என் விரல் நேராக அங்கேதான் போனது.

மோகன்ராஜுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இதுக்குத்தானுங்க படிச்சவங்க வேணுங்கறது. திங்கக்கெழம புது வேலையில சேந்துக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை நாள் அவரைத்தான் அற்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தூ.

நிதிஷ் மௌஸை அந்தப் படத்தின் மேல் வைத்தபடி திரும்பினான்.

"இது என்ன படமுங்க்கா?"

"ஏதோ சண்டை," என்றேன்.