படிக்காமல் எழுதிய முன்னுரை

என் நினைவை நான் முழுதாக நம்புவதில்லை. தன் நாவலைப் படித்தாயா என்று கேட்டுச் சித்தீக் போன் செய்தபோது "படிச்சுட்டேன்" என்று சொன்னேனா, "படிச்சிட்டிருக்கேன்" என்று சொன்னேனா என்பது இப்போது உறுதியாகத் தெரியவில்லை. இரண்டாவதைத்தான் சொன்னேன் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஓரளவுக்கு உண்மை என்பதால் மனம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். பேருந்து அப்போது குத்தாலத்தைத் தாண்டியிருந்தது என்பது மட்டும் நிச்சயம். ஒரு பள்ளி ஆண்டு விழாவில், வாசிப்பின் அவசியம் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் பத்திரிகைகளுக்கு வாரத்துக்கு இரண்டு பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். மேடைப் பேச்சுகள் தனி. அணிந்துரை கேட்டு வந்த கட்டுகள் மேசையில் எப்போதும் ஆறேழு கிடக்கும். புத்தகங்கள் வாங்குவது மட்டும் நிற்கவில்லை. வாங்கியதும் பிரித்து முகர்ந்து பார்ப்பேன். முதல் பாராவைப் படிப்பேன். கண்ணில் படுகிற இடத்தில் வைப்பேன். அதற்குள் யாராவது கூப்பிடுவார்கள்.

"கல்யாணத்துக்குப் போயி மொய் வச்சுட்டு, சாப்பிடாமலே திரும்பி வர்ற ஆளு நீங்க" என்பாள் என் மனைவி விஜயம்.

சித்தீக் எனக்குக் கல்லூரி நண்பன். திருவாரூர்க் கிளை நூலகத்தில் ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து மூன்று வருடம் படித்தோம். ஒரு மாலை முழுக்க ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்துவிட்டு, கிளம்பும்போது "வரேன்டா" என்பான். அதைவிட நிறைவான பேச்சை நான் யாரோடும் பேசியதில்லை. பிறகு அவன் பன்னிரண்டு வருடம் சார்ஜாவில் இருந்தான். திரும்பி வந்து கீழ்வேளூரில் சாக்கு, கயிறு, தார்ப்பாய் விற்கும் கடை வைத்தான். அந்தக் கடையில் உட்கார்ந்துதான் முந்நூற்றுச் சொச்சம் பக்கத்துக்கு ஒரு நாவலை எழுதி முடித்திருந்தான். ஐம்பத்திரண்டு வயதில் முதல் நாவல். முன்னுரை நான்தான் எழுத வேண்டும் என்றான்.

முதல் நாற்பது பக்கம் படித்தேன். நுஸைபா என்ற பத்தொன்பது வயதுப் பெண். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருப்பதால் அவள் நிக்காஹ் இரண்டு முறை தள்ளிப்போகிறது. நன்றாக இருந்தது. அதனாலேயே, நிதானமாகப் படிக்க வேண்டும் என்று எடுத்து வைத்தேன். நிதானம் வரவில்லை. கெடு வந்தது. கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். நுஸைபாவின் நிக்காஹ் நடந்துகொண்டிருந்தது. 'இத்தனை துயரங்களுக்குப் பிறகு நுஸைபா மணப்பெண்ணாக அமர்ந்திருக்கும் காட்சியில் என் கண்கள் நிறைந்தன' என்று எழுதி வாட்ஸப்பில் அனுப்பினேன்.

நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. எங்களுக்குள் மௌனம் புதிதில்லை என்பதால் ஒன்பது நாள் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பத்தாம் நாள் அவன் மனைவி ஹமீதா பானு கூப்பிட்டாள்.

"அண்ணே, வேலையா இருக்கீங்களா?"

"சொல்லும்மா."

"ஒண்ணுமில்ல. மவுத்தானவளுக்கு நிக்காஹ் பண்ணி வச்சிருக்கீங்களே, எங்களுக்கும் பிரியாணி உண்டான்னு கேக்கலாம்னுதான்."

எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். "நுஸைபா எட்டாவது அத்தியாயத்துலயே மஞ்சக்காமாலையில போயிடுறாண்ணே. கடைசில நிக்காஹ் நடக்குறது அவ அண்ணன் மவளுக்கு. அத்தை பேரை வச்சிருக்காங்க."

மேசையில் கிடந்த அவன் கட்டைக் கையில் எடுத்தேன். அவள் தொடர்ந்தாள்.

"நீங்க எழுதுனது போவட்டும். உங்கள்ட்ட சொல்லுங்கன்னா இவங்க மாட்டேங்கிறாங்க. 'அவன் கேவலப்பட்டுப் போவான், நான் கதையை மாத்திக்கிறேன்'னு எட்டாவதை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போவணும். அது யாருன்னு உங்களுக்குத் தெரியும்லண்ணே?"

தெரிந்துவிட்டது. சித்தீக்கின் தங்கை ஜஸீலா. அவன் சார்ஜாவில் இருந்தபோது இறந்துபோனாள். நாற்பது நாள் கழித்துத்தான் அவனால் வர முடிந்தது. அவன் மகளுக்கும் அதே பெயர்தான். அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று நான் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். இறந்தவர் பெயரைக் குழந்தைக்கு வைப்பது எனக்குத் தெரியாத வழக்கமில்லை. படிக்காததுதான்.

மறுநாள் வியாழக்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் ஒரு பத்தி அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டுப் போகலாமா என்று அதிகாலையில் மயிலாடுதுறை ரயில் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஏறிவிட்டேன். திருவாரூரிலிருந்து பேருந்து. குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. மேற்கே கருத்திருந்ததால் ஆட்கள் ஓடி ஓடித் தார்ப்பாய் போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

சித்தீக் ஒருவருக்குத் தார்ப்பாய் அளந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.

"நான் படிக்கலடா" என்றேன்.

அவன் வெட்டி முடித்து, மடித்து, அந்த ஆளை அனுப்பினான். "தெரியும்" என்றான்.

தெருவில் ஒரு டிராக்டர் போனது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஏன்டா கேக்கல?"

"சொல்றதா இருந்தா நீயே சொல்லுவ." கத்தரிக்கோலை ஆணியில் மாட்டினான். "அதுவுமில்லாம, நீ எழுதியிருந்தது நல்லா இருந்துச்சு. கல்யாணப் பொண்ணா அலங்கரிச்சு உக்கார வச்சிருந்த. ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன். சரி, அவ உயிரோட இருக்குற மாதிரி எழுதித்தான் பாப்போமேன்னு தோணுச்சு."

"அந்த ஒரு நிமிஷத்துக்குப் பத்து நாளா வச்ச சோறு வச்சபடி கெடக்கு" என்றாள் உள்ளேயிருந்து வந்த பானு. என் முன்னால் கையை நீட்டினாள். "போனைக் குடுங்கண்ணே."

"அஞ்சு மணிக்குள்ள ஒரு கட்டுரை..."

"அதுவும் படிக்காம எழுதுறதுதானே? நாளைக்கு எழுதிக்கலாம். மேல போயிப் படிங்க."

மாடி அறையில் புதுச் சாக்குக் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். சணல் வாசம். அதன்மேல் சாய்ந்து, நாற்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். முதலில் கண் ஓடியது. பத்திக்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடும் பழக்கம் அது. கொஞ்ச நேரத்தில் அது அடங்கியது. தகரக் கூரையில் மழை விழுந்ததும், பானு டீ வைத்துவிட்டுப் போனதும் எங்கோ தூரத்தில் நடந்தன. எத்தனை வருடமாயிற்று, இப்படி ஒருவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டு!

எட்டாவது அத்தியாயத்தில் அண்ணன் நாற்பது நாள் கழித்து வீட்டுக்கு வருகிறான். தங்கையின் தலையணைக்கு அடியில் ஒரு புத்தகம் இருக்கிறது. அத்தாவின் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் வெள்ளை நூலைத்தான் அவள் எப்போதும் அடையாளத்துக்கு வைப்பாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நூல் இருக்கிறது. புத்தகம் அண்ணனின் கூட்டாளி கொடுத்தனுப்பியது.

அந்தக் கூட்டாளி நான். சித்தீக் வழியாகவும், அவன் சார்ஜா போன பிறகு அந்த ஊர்க்காரர்கள் வழியாகவும் ஜஸீலாவுக்குப் புத்தகங்கள் கொடுத்தனுப்பியிருக்கிறேன். திரும்பி வருபவற்றில் சில சமயம் துண்டு நூல் கிடக்கும். யோசிக்காமல் ஊதித் தள்ளியிருக்கிறேன். ஒரு புத்தகம் திரும்பி வரவே இல்லை என்பது எனக்கு ஞாபகமே இல்லை.

மீதியையும் படித்துவிட்டுத்தான் இறங்கினேன். கடைசி நிக்காஹில், கண்கள் நிறைந்ததாக நான் எழுதியிருந்த அதே காட்சியில், எனக்கு அழுகை வரவில்லை. அந்தச் சின்னப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மணி ஐந்தரை ஆகியிருந்தது. சித்தீக் நிமிர்ந்து பார்த்தான்.

"அவ உயிரோட இருக்கட்டுமாடா?"

இருக்கட்டும் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் நான் ஒரு முறை படிக்காமல் சொல்லிவிட்டேன், இப்போது படித்திருந்தேன்.

"வேணாம்டா. அவளை இருக்க வச்சா அந்தப் புத்தகத்தை அவ முடிச்சிருக்கணும். அவ முடிக்கலயே."

அவன் எழுந்து வாசல்வரை போய் வந்தான். மழை விட்டு, சொட்டுகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு புத்தகத்தை எடுத்து என் முன் வைத்தான்.

"உன்னுதுதான். திருப்பிக் குடுக்கணும் குடுக்கணும்னு இருந்தேன்."

"அப்ப நூலகத்துல கட்டுற மாதிரி எங்கள்ட்டயும் அபராதம் கேப்பீங்களா?" என்றாள் பானு. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அங்கேயே உட்கார்ந்து புது முன்னுரை எழுதினேன். ஒன்றரைப் பக்கம். இந்த நாவலுக்கு முதலில் படிக்காமல் ஒரு முன்னுரை எழுதினேன் என்றுதான் ஆரம்பம். சித்தீக் ஒரு வாக்கியத்தை மட்டும் அடித்தான். அது நான் மன்னிப்புக் கேட்டிருந்த வாக்கியம்.

நாவல் அந்தக் கார்த்திகையில், எட்டாவது அத்தியாயம் பழையபடியே இருக்க, வெளிவந்தது. கொஞ்சம் பேர் படித்தார்கள். சித்தீக் வேறெதுவும் எழுதவில்லை, கடையைப் பார்த்துக்கொள்கிறான். அவன் மகள் ஜஸீலா நாகப்பட்டினத்தில் கணக்கு ஆசிரியை. போன வருடம் நிக்காஹ் ஆனது, எனக்கும் பிரியாணி கிடைத்தது. அந்த வியாழன் தவறவிட்ட பத்தி என் கையைவிட்டுப் போய்விட்டது. மற்றொன்றை எழுதுகிறேன். அணிந்துரை எழுதுவதை நிறுத்திவிட்டேன். விஜயம் என் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து படிக்க ஆரம்பித்து இப்போது மூன்றாம் தட்டில் இருக்கிறாள். வியாழக்கிழமைகளில் நான் கீழ்வேளூர் போய் ஐந்து மணிவரை சாக்குக் கட்டின்மேல் படிக்கிறேன். போன் பானுவிடம் இருக்கும். திரும்பி வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்து முடித்தேன். நூலை மறுபடி நூற்றுப் பன்னிரண்டிலேயே வைத்திருக்கிறேன்.